பேர் யார் போட்டது?

தோட்டத்துல "பேர்" என்ற சொல்லுக்கு ரெண்டு அர்த்தம். ஒன்று எல்லோருக்கும் தெரிந்தது. மற்றது சம்பளக் கணக்கு. "இந்த மாசம் எத்தனை பேரு?" என்று பக்கத்துக் காம்பராவில் கேட்டால், எத்தனை நாள் வேலைக்குப் போனாய் என்று அர்த்தம். கொழுந்து நிறை குறைந்தால் அது "அரைப்பேரு". பெரட்டுக்களத்தில் காலையில் நின்று, செக்ரோலில் பேர் விழுந்தால்தான் அந்த நாள் நமக்கு நடந்த நாள். தோட்டத்தின் பிரிவுகளுக்குக்கூட நம்ம ஆளுங்க வைத்த சொல் "கணக்கு" தான்: மேக்கணக்கு, கீழ்க்கணக்கு, நடுக்கணக்கு. ஒரு சமூகம் தான் குடியிருக்கிற இடத்தையே கணக்கு என்று கூப்பிடுகிறது என்றால், அதன் வாழ்க்கையில் பதிவேடு எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது என்று பாருங்கள்.

ஆனால் அந்தப் பேனா எப்பவும் இன்னொருத்தர் கையில். கங்காணி, கணக்கப்பிள்ளை, கிளாக்கர், துரை, பிறகு அரசாங்கம். இந்தப் பேனா பல கைகளுக்கு எப்படி வந்தது, ஒரே பதிவேட்டில் பலரும் சேர்ந்து எழுதுவது எப்படிச் சாத்தியமாச்சு என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் எழுதிப் பார்க்கிறோம். கம்ப்யூட்டர் விஷயம் மாதிரித் தெரியும். ஹாலிஎலயில் உட்கார்ந்து பார்த்தால் இது நேராக நம்ம குடியுரிமைக் கதைக்குள்ளே போய் நிற்கிறது.

முதலில் பழைய பதிவேடுகள். கடனைச் சொல்கிற "துண்டு" என்ற சீட்டை நம்ம பாட்டன்மார் நன்றாக அறிந்திருந்தார்கள். இந்த ஆட்களுக்கு இவ்வளவு கடன் இருக்கிறது, அதைக் கட்டினால் இவர்களை விட்டுவிடுகிறோம் என்று ஒரு தோட்டம் எழுதிக் கொடுக்கிற காகிதம் அது. அந்தக் காகிதத்தோடு ஆட்கள் தோட்டம் விட்டுத் தோட்டம் மாறினார்கள். கடனும் அவர்களோடு மாறியது, பெரும்பாலும் கூடிக்கொண்டே. 1921இல் சட்டம் போட்டுத்தான் துண்டு முறையை நிறுத்தினார்கள். அதற்கு முன்பே, 1900களின் தொடக்கத்தில், "டின் டிக்கெட்" வந்துவிட்டது. கடல் கடந்து வருகிற ஆளுக்குத் தகரத்தில் ஒரு வில்லை. எந்தத் தோட்டத்துக்குப் போகிறார் என்பதற்கான எண் அதில் அடித்திருக்கும். இன்றைக்கு நாம் தரவு, டேட்டா என்று சொல்வதை எங்க பாட்டன் கழுத்தில் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

துரைமாருக்கோ வேறு விதமான புத்தகம். ஃபர்குசன் டிரெக்டரி என்ற ஆண்டு மலரை எடுத்தால் இலங்கையின் தோட்டங்கள் வரிசையாக இருக்கும்: தோட்டத்தின் பேர், எத்தனை ஏக்கர், யார் உடமையாளர், யார் துரை. அதுவும் ஒரு கூட்டுத் தரவுதான். நாடு முழுக்க இருந்து தகவல் வாங்கி, வருஷா வருஷம் திருத்தி அச்சிட்டார்கள். அந்த வேலையின் ஒழுங்கை நாங்கள் மெச்சத்தான் வேண்டும். ஆனால் லயத்தில் இருந்தவர்கள் அதில் ஆளாக வரவில்லை.

பிறகு 1948. அந்த வருஷத்து 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நம்மை நாடில்லாதவர்கள் ஆக்கியது. 1949இல் வந்த 3ஆம் இலக்கச் சட்டம், இந்திய பாகிஸ்தானிய வதிவோர் விண்ணப்பித்துக் குடியுரிமை பெறலாம் என்றது. நிபந்தனை என்ன? 1946 ஜனவரி 1க்கு முன்னால் கல்யாணம் ஆனவர் 7 வருஷம், ஆகாதவர் 10 வருஷம் தொடர்ந்து இந்த நாட்டில் இருந்ததற்கு ஆதாரம் காட்டணும். ஆதாரம் யாரிடம் இருந்தது? தோட்டத்து ஆபீஸில். செக்ரோல் துரையின் அலமாரியில். பிறப்புப் பதிவில் கிளாக்கர் எழுதின பேர் ஒன்று, வீட்டில் கூப்பிடுகிற பேர் ஒன்று, பள்ளிக்கூட இடாப்பில் வாத்தியார் எழுதினது இன்னொன்று. 8 லட்சத்துக்கும் அதிகமானவர்களுக்காக விண்ணப்பம் போட்டார்கள். கிடைத்தது ஏறத்தாழ 134,000 பேருக்கு. மறுக்கப்பட்டதற்குச் சொன்ன காரணங்களில் பேர் ஒத்துவரவில்லை, தேதி ஒத்துவரவில்லை என்பது மாதிரியானவை நிறைய. ஓர் எழுத்துப் பிழைக்கு எவ்வளவு எடை இருக்க முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எங்களுக்குத் தெரியவில்லை.

இதன் தொடர்ச்சி உங்களுக்குத் தெரியும். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனம் எடுத்தது. 1952இல் ஒன்றும் இல்லை, ஓட்டே பறிபோயிருந்தது. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கூட்டிக் கழித்து, 525,000 அங்கே, 300,000 இங்கே, மிச்சம் 150,000 பிறகு பார்ப்போம் என்றது. இப்படி எண்ணாகவே பிரிக்கப்பட்ட சனங்களின் நாடற்ற நிலையைத் தீர்க்க 2003இல்தான் ஒரு முழுச் சட்டம் வந்தது.

இதுக்கு நடுவில் நம்ம பக்கமிருந்து எழுதியவர்கள் இல்லையா? இருந்தார்கள். கோ. நடேசய்யர் 1920களிலேயே தமிழில் பத்திரிகை நடத்தினார். சி. வி. வேலுப்பிள்ளை தோட்டம் தோட்டமாகக் கேட்ட பாடல்களைத் தொகுத்து "மலைநாட்டு மக்கள் பாடல்கள்" என்று 1983இல் புத்தகம் ஆக்கினார். சாரல்நாடன் நடேசய்யரைப் பற்றிய தகவல்களைத் தேடித் தேடிச் சேர்த்து எழுதினார். இவர்களைப் படிக்கிறபோது எங்களுக்கு வியப்போடு ஒரு பயமும் வரும். எல்லாம் ஒற்றை ஆளின் உழைப்பு. அந்த ஒருத்தரின் வீட்டுக் கூரைத் தகரம் ஒழுகினால் போச்சு. கறையான் வந்தால் போச்சு. யாழ்ப்பாணத்தில் 1981இல் நூலகத்தைக் கொளுத்தி 97,000 புத்தகங்களை அழித்தார்கள் என்று நாம் சரியாகவே நினைவில் வைத்திருக்கிறோம். மலையகத்தில் கொளுத்துவதற்குக்கூட அப்படி ஒரு நூலகம் இருந்ததில்லை. நம்ம காகிதம் பழைய பேப்பர்க் கடைக்குப் போய், கடலை சுற்றி, ஆத்தோரம் பறந்தது. தோட்டங்களை 1970களில் அரசு எடுத்து, 1992இல் கம்பனிகளிடம் நிர்வாகத்தைக் கொடுத்தபோது, ஆபீஸ் அலமாரிகளும் அதோடு கை மாறின.

இப்ப 2005 தை மாசத்துக்கு வருவோம். ஆழிப்பேரலை அடித்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. அந்த நாட்களில் இந்தத் தீவில் ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாமல் இரண்டு கூட்டுவேலைகள் தொடங்கின.

ஒன்று கொழும்பில். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு காணாமல் போனவர்கள் யார், எந்த முகாமில் எத்தனை பேர், யாருக்கு என்ன வேணும், எந்த நிறுவனம் எங்கே வேலை செய்கிறது என்ற எதுவுமே ஓர் இடத்தில் இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் பட்டியலைத் தன் கையில் வைத்திருந்தது. ஒரு முகாமுக்கு மூன்று லொறி அரிசி, அடுத்ததுக்கு ஒன்றுமில்லை என்ற நிலை. லங்கா சொப்ட்வேர் பவுண்டேஷனைச் சுற்றியிருந்த கணினிக்காரர்கள் சம்பளம் இல்லாமல் இறங்கி, சில வாரத்துக்குள் ஒரு மென்பொருளைக் கட்டினார்கள். பேர் "சஹானா", சிங்களத்தில் நிவாரணம், ஆறுதல் என்கிற சொல்லில் இருந்து வந்தது. காணாமல் போனோருக்கு ஒரு பதிவேடு, நிறுவனங்களுக்கு ஒன்று, முகாம்களுக்கு ஒன்று, தேவைகளுக்கு ஒன்று. பல இடத்தில் இருந்து பலர் எழுதலாம், எல்லோரும் அதே ஏட்டைப் பார்க்கலாம். அதைத் திறந்த மூலமாக விட்டதால் 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும், 2010இல் ஹெய்ட்டிக்கும் போனது. 2006இல் சமூகப் பயனுக்கான கட்டற்ற மென்பொருள் விருதும் கிடைத்தது. இலங்கையில் பிறந்து உலகத்துக்குப் போன பொருள் என்றால் தேயிலையைத்தான் சொல்லித் தருகிறார்கள். இதையும் பள்ளிக்கூடத்தில் சொல்லலாம் என்பது எங்கள் கருத்து.

இரண்டாவது "நூலகம்". 2005 தைப்பொங்கலை ஒட்டி தி. கோபிநாத், மு. மயூரன் ஆகியோர் தொடங்கியது. அதற்கு ஒரு முன்னோடி உண்டு. 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம். ஒருத்தரை ஒருத்தர் பார்த்திராத தமிழர்கள், வேறு வேறு நாட்டில் இருந்து, ஒருவர் தட்டச்சு செய்ய இன்னொருவர் பிழை பார்க்க, பழைய நூல்களை இணையத்தில் ஏற்றினார்கள். அன்றைக்கு இருந்த இணைய வேகத்தை நினைத்தால் பைத்தியக்காரத்தனம்தான்.

நூலகமும் ஆரம்பத்தில் அப்படித்தான், ஈழத்து நூல்களை ஆட்கள் உட்கார்ந்து தட்டச்சு செய்தார்கள். பிறகு பக்கங்களை ஸ்கேன் செய்து அப்படியே ஏற்றுவது என்று மாற்றினார்கள். இந்த மாற்றம் சின்ன விஷயம் இல்லை. தட்டச்சு செய்தால் தேட முடியும், ஆனால் ஒரு புத்தகத்துக்கு வாரக்கணக்கு ஆகும். ஸ்கேன் என்றால் தேடல் போகும், ஆனால் மக்கி உதிர்கிற காகிதம் பிழைக்கும். காகிதம் போய்விட்டால் தேடுவதற்கு என்ன இருக்கும் என்று முடிவு எடுத்திருக்கிறார்கள். நாங்களாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம்.

அதைவிட முக்கியமானது, விக்கிப்பீடியா ஓடுகிற அதே மீடியாவிக்கி மென்பொருளில் நூலகத்தை ஓடவிட்டது. ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு பக்கம். அதில் நூலக எண், ஆசிரியர், நூல் வகை, மொழி, வெளியீட்டாளர், வெளியீட்டாண்டு, பக்கங்கள் என்று ஒரே மாதிரி ஒரு சின்ன அட்டவணை. கீழே உள்ளடக்கம். புத்தகம் தேடுகிறவர் ஒருத்தர், எழுத்தாளரிடம் அனுமதி வாங்குகிறவர் ஒருத்தர், ஸ்கேன் போடுகிறவர், பக்கம் சுத்தம் பண்ணுகிறவர், விபரம் ஏற்றுகிறவர் என்று வேலை பிரிந்து போகிறது. 2010இல் அது நிறுவனமாகப் பதிவானது. "கொழுந்து", "தீர்த்தக்கரை", "நந்தலாலா" மாதிரியான மலையக இதழ்களின் பக்கங்களை இன்றைக்கு பஸ்ஸில் போய்க்கொண்டே ஃபோனில் திறக்க முடிகிறது. எங்களில் பலர் இந்த இதழ்களைக் கையால் தொட்டதே இல்லை. திரையில்தான் முதலில் பார்த்தோம்.

மீடியாவிக்கியில் "வரலாறு" என்று ஒரு தத்தல் இருக்கும். பலரும் அழுத்துவதில்லை. அழுத்தினால், அந்தப் பக்கத்தில் யார், எந்தத் தேதி, எதை மாற்றினார் என்று அடிமுதல் நுனிவரை வரும். தப்பாக மாற்றினால் பழையபடி திருப்பலாம். மாற்றியது ஏன் என்று பேச ஓர் உரையாடல் பக்கமும் உண்டு. செக்ரோலோடு இதை வைத்துப் பாருங்க. அரைப்பேர் போட்டது யார், ஏன் என்று கேட்டால் பதில் கிடைக்காத ஏடு அது. நம்ம பாட்டியின் பேரை "ராமாயி"யில் இருந்து வேறு ஏதோவாக மாற்றின கிளாக்கர் யார் என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பிழையால் சேமலாப நிதி எடுக்க அலைகிற பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். கூட்டுப் பதிவேட்டில் எங்களுக்குப் பிடித்ததே இதுதான், எழுதினவருக்கும் ஒரு பேர் இருக்கும்.

2014 ஒக்டோபர் 29க்கு வராமல் நம்ம மாவட்டத்தில் உட்கார்ந்து தரவு பற்றிப் பேச முடியாது. கொஸ்லந்தை மீரியபெத்தையில் காலை நேரம் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை வருஷங்களுக்கு முன்பே இருந்தது. சரிந்த பிறகு முதல் கேள்வி, எத்தனை பேர் உள்ளே? நூற்றுக்கணக்கில் என்றார்கள். பிறகு குறைந்தது. திரும்ப மாறியது. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு எண். யார் வேலைக்குப் போயிருந்தார், எந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருந்தது, யார் கொழும்பில் கடையில் நின்றார், யார் மத்திய கிழக்கில் என்று லயத்தில் மிஞ்சியவர்கள்தான் விரல் விட்டு எண்ணிச் சொல்ல வேண்டியிருந்தது. ஆழிப்பேரலைக்கு மூன்று வாரத்தில் ஒரு பதிவேடு கட்டத் தெரிந்த நாடு இது. பத்து வருஷம் கழித்து, ஒரு காம்பராவில் எத்தனை உசிர் இருந்தது என்று அதற்குத் தெரியவில்லை. மென்பொருள் இல்லாததால் இல்லை. அந்த வரிசை வீடுகளை முன்கூட்டியே எழுதி வைப்பது யாருடைய வேலையாகவும் இருக்கவில்லை. செக்ரோல் எப்பவும் வேலைக்கு வந்தவரை மட்டும்தான் எண்ணியது. பிள்ளை, கிழவி, நோயாளி, வெளியூர் போனவர் எல்லாம் அதற்கு வெளியே.

நாங்களும் சில மாதமாக ஒரு பொதுத் தாளில் சேர்ந்து எழுதி வருகிறோம். பெரிய திட்டம் எல்லாம் இல்லை. ஹாலிஎலயைச் சுற்றியுள்ள தோட்டங்களின் பேர், கணக்குகளின் பேர், யார் வீட்டில் என்ன பழைய காகிதம் இருக்கிறது, எந்தப் பாட்டிக்கு என்ன பாட்டு தெரியும் என்று ஓர் இணைய அட்டவணை. முதல் தடையே நம்ம ஊர்ப் பேர்தான். ஹாலிஎல, ஹாலி எல, ஹாலி-எல, ஹாலியெல, ஆலிஎல. ஐந்து பேர் ஐந்து விதமாக எழுதினால் கணினிக்கு அது ஐந்து ஊர். பதுளை என்று எழுதுகிறோம், பழைய ஏடுகளில் வதுளை. பசறை, பசரை. அப்புத்தளை, ஹப்புத்தளை. எது சரி என்று சண்டை போட்டால் பொழுது விடிந்துவிடும். அதனால் ஒரு முறை வைத்துக்கொண்டோம்: காகிதத்தில் எப்படி இருக்கிறதோ அதை ஒரு நிரலில் அப்படியே எழுதுவது, அதை யாரும் தொடக்கூடாது, பக்கத்து நிரலில் நாங்கள் ஒத்துக்கொண்ட எழுத்து. அடுத்த நிரலில் எழுதியவர், தேதி. பிழையாக எழுதப்பட்ட பேரும் ஒரு வரலாற்று ஆதாரம்தான். 1949இல் அந்தப் பிழையை வைத்துத்தானே விண்ணப்பத்தைத் தள்ளினார்கள். அதைத் திருத்தி அழகாக்கிவிட்டால் நடந்த அநியாயத்தின் தடயமும் போய்விடும்.

எழுத்துரு இன்னொரு தலையிடி. தொண்ணூறுகளிலும் இரண்டாயிரங்களிலும் கணினியில் அடித்த நோட்டீஸ், மலர், சங்க அறிக்கை எல்லாம் பாமினியில் இருக்கிறது. இன்றைக்கு அந்தக் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் புள்ளியுமாகக் கொட்டும். சுரதா யாழ்வாணன் செய்த "பொங்குதமிழ்" மாற்றியில் போட்டால் யுனிகோட் தமிழாக வரும். ஒரு தனி ஆள் செய்துவைத்த அந்த ஒற்றைப் பக்கம் எத்தனை பேருடைய பழைய எழுத்தை மீட்டிருக்கிறது! சின்னக் கருவிகளைச் செய்தவர்களை நம்ம இலக்கிய வரலாறுகள் ஏன் எழுதுவதில்லை என்பது எங்களுக்குப் புரியவில்லை.

ஆனால் எல்லாவற்றையும் சேர்த்து, எல்லோருக்கும் திறந்து வைத்துவிடலாமா? இதில்தான் எங்களுக்குள்ளே அதிகம் வாக்குவாதம் நடந்தது. 1983 ஜூலையில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடி வந்தார்கள். பட்டியல் அரசு அலுவலகத்துக்காகச் செய்யப்பட்டது. அது எப்படி யார் கைக்குப் போனது என்பதை அந்த வீடுகளில் இருந்தவர்கள் தீப்பிடித்த பிறகுதான் யோசித்திருப்பார்கள். பதுளை நகரமும் அந்த வாரம் எரிந்தது. இந்த நினைவு உள்ள ஊரில், "தரவைத் திறந்துவிடுங்க" என்ற சொல்லை வெளிநாட்டு மாநாட்டில் சொல்வது மாதிரி சும்மா சொல்ல முடியாது. 2016இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அரசிடம் இருக்கிறதைக் கேட்க நமக்கு வழி விட்டது. 2022இன் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆட்களின் விபரத்தைக் கண்டபடி கையாளாதே என்கிறது. ரெண்டும் வேணும்.

எங்களில் ஒரு தோழி சொன்னது இன்னும் நேரடியானது. பாட்டு பொதுவுக்குப் போகலாம், பாடினவரின் அடையாள அட்டை எண் ஏன் போகணும் என்றாள். அதன்படி தாளை இரண்டாகப் பிரித்தோம். தோட்டத்துப் பேர், காகிதத்தின் விபரம், பாட்டின் சொற்கள் ஒன்றில். அதை யாரும் பார்க்கலாம். ஆட்களின் பேரும் காம்பரா இலக்கமும் மற்றதில். அதைப் பார்க்கிறவர் யார் என்று அந்தந்த லயத்து ஆட்களே சொல்லணும். பாட்டி தன் பேரைப் போடச் சொன்னால் போடுகிறோம். சில பாட்டிமார் கட்டாயம் போடு என்கிறார்கள். ஒருத்தர் மட்டும், "என் பேரைப் போட்டவனுங்க எல்லாம் எனக்குக் கணக்குக் குறைச்சவனுங்கதான், நீ எழுதாத" என்றார். அவருடைய பாட்டு பேர் இல்லாமல் இருக்கிறது.

ஊர்ப்பேர் நிரலில் இப்ப பாதிதான் நிறைந்திருக்கிறது. தோட்டத்தின் இங்கிலீஷ் பேர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அந்தத் தோட்டத்துக்கு நம்ம ஆளுங்க வைத்த தமிழ்ப் பேர், மலைக்கு வைத்த பேர், பீலிக்கு வைத்த பேர், பழைய இஸ்டோர் இருந்த இடத்தின் பேர், இதெல்லாம் எந்த டிரெக்டரியிலும் கிடைக்காது. உங்க அப்பாயிக்குத் தெரிந்திருக்கும். எந்தக் கணக்கு, எந்த மலை என்பதோடு, அவங்க சொன்ன உச்சரிப்பிலேயே எழுதி அனுப்புங்க. முதல் நிரலில் அதை நாங்கள் திருத்த மாட்டோம்.